ஒரு நாள் பயிற்சிகூட இல்லை... போர்க்கால வார்டில் முதல் நாள்: 'லிட்டில் வுமன்' எழுதிய லூயிசா நர்ஸான கதை

நர்சிங் படிக்கிற பலருக்கும் முதல் வார்டு போஸ்டிங்குக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வராது. பொம்மைக்கு எத்தனை தடவை ஸ்பாஞ்ச் பாத் கொடுத்துப் பழகியிருந்தாலும், உயிருள்ள ஒருத்தர் கட்டிலில் படுத்தபடி நம்மையே பார்க்கும்போது கை நடுங்கத்தான் செய்யும்.

அந்தப் பொம்மைப் பயிற்சிகூட இல்லாமல் நேராகப் போர்க்கால மருத்துவமனைக்குள் போனவர் லூயிசா மே ஆல்காட். ஆமாம், 'லிட்டில் வுமன்' நாவலை எழுதிய அதே லூயிசாதான்.

30 வயதில் எடுத்த முடிவு

1832 நவம்பர் 29-ல் பிறந்தவர் லூயிசா. அப்பா பிரான்சன் ஆல்காட் பெரிய சிந்தனையாளர், ஆனால் வீட்டில் காசு தங்காது. தையல், வீட்டு வேலை, டீச்சர் வேலை, கதை எழுதுவது என்று கிடைத்ததையெல்லாம் செய்து குடும்பத்தைத் தாங்கினார் லூயிசா. தங்கை எலிசபெத் நோயில் படுத்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். 1858-ல் அந்தத் தங்கை இறந்துபோனார். நோயாளியைக் கவனித்த அனுபவம் என்று அவருக்கு இருந்தது அதுதான்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. பெண் என்பதால் துப்பாக்கி தூக்க முடியாது. ராணுவ நர்ஸ்களைத் தேர்வு செய்த டோரதியா டிக்ஸோ சின்ன வயசுப் பெண்களைச் சேர்ப்பதில்லை. துப்பாக்கிக் காயங்கள் பற்றிய புத்தகத்தைப் படித்துக்கொண்டு காத்திருந்த லூயிசா, 30 வயது நிரம்பியதும் நர்ஸாகப் போவது என முடிவெடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அமெரிக்காவில் முறையான நர்சிங் பள்ளிகள் வந்ததே 1870-களில்தான். அதனால் பயிற்சி இல்லாமல் வந்தவர் லூயிசா மட்டும் இல்லை.

1862 டிசம்பர் 11-ல் அழைப்பு வந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். அதுவரை தைரியமாக இருந்த குடும்பம், கிளம்பும் நேரத்தில் உடைந்து அழுதுவிட்டது.

சோப்பைக் கையில் கொடுத்தபோது...

வாஷிங்டனை ஒட்டிய ஜார்ஜ்டவுனில், பழைய ஓட்டல் ஒன்றைத்தான் மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். காற்றோட்டம் கிடையாது, நாற்றம் தாங்காது. லூயிசா லாவெண்டர் தண்ணீர் பாட்டிலோடுதான் நடமாடினார். வந்த முதல் காலையிலேயே வார்டில் ஒரு மரணம். ஒரு பக்கம் நிமோனியா, இன்னொரு பக்கம் டிப்தீரியா, எதிரே டைபாய்டு நோயாளிகள்.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. டிசம்பர் 13-ல் ஃப்ரெடரிக்ஸ்பர்க் போரில் வடக்குப் படைக்குப் பலத்த அடி. இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 12,000 பேருக்கு மேல். விடியும் முன்பே காயமடைந்தவர்களோடு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன.

லூயிசாவுக்கு வந்த முதல் உத்தரவு: சேறும் ரத்தமுமாக வந்திருப்பவர்களின் உடைகளைக் கழற்றிக் குளிப்பாட்டணும்!

1862-ல், கல்யாணமாகாத 30 வயசுப் பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஆடிப்போய்விட்டார். ஆனாலும் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு சோப்பை எடுத்தார். முதலில் கிடைத்தவர் தலையில் அடிபட்ட ஓர் அயர்லாந்துக்காரர். ஒரு பெண் தன்னைக் குளிப்பாட்ட வந்ததைப் பார்த்து அவருக்கே வேடிக்கையாகிவிட்டது. கண்ணை உருட்டி வாழ்த்த ஆரம்பித்தார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு லூயிசாவின் பதற்றம் பாதி போய்விட்டது. அடுத்தடுத்த ஆட்களைச் சமாளிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கேட்காத நோயாளி

சிரிப்பால் தீராத விஷயங்களும் இருந்தன. வார்டில் ஜான் என்றொரு கொல்லர். எதற்கும் முனகமாட்டார், எதையும் கேட்கவும் மாட்டார். இவருக்கு உதவி தேவைப்படாது என்று நினைத்து லூயிசா மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். உண்மையில் வார்டிலேயே பிழைக்க வழியில்லாதவர் அவர்தான். டாக்டர் அதைச் சொன்னபோது லூயிசாவால் நம்பவே முடியவில்லை. போதாக்குறைக்கு, அந்தச் செய்தியை ஜானிடம் சொல்லும் பொறுப்பையும் டாக்டர் அவர் தலையிலேயே கட்டினார்.

காயத்துக்குக் கட்டு மாற்றும்போது ஜானின் கண்ணீர் சத்தமில்லாமல் விழுவதைப் பார்த்த பிறகு, லூயிசா அவர் பக்கத்திலேயே இருந்தார். உயிர் பிரியும்போது ஜான் அவருடைய கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். பிடியை விலக்கிய பிறகும் விரல் பதிந்த வெள்ளைத் தடம் லூயிசாவின் கையில் இருந்தது.

நாள் போகப் போக நைட் டூட்டி அவருக்குப் பிடித்துப்போனது. மயங்கி விழாமல் அறுவை சிகிச்சைகளைப் பார்க்கவும் பழகிக்கொண்டார்.

ஆறு வாரம்தான்

1863 ஜனவரியில் டைபாய்டு அவரையே சாய்த்தது. கூடவே நோயில் விழுந்த மேட்ரன் ஹானா ரோப்ஸ் இறந்துவிட்டார். அப்பா வந்து லூயிசாவை வீட்டுக்கு அழைத்துப் போனார். மருந்தாகக் கொடுக்கப்பட்ட கேலமெல் ஒரு பாதரச உப்பு. அன்றைய டாக்டர்கள் அதைத் தாராளமாகவே கொடுப்பார்கள். கடைசிவரை தன்னைப் படுத்திய உடல் உபாதைகளுக்கு அதுதான் காரணம் என்று லூயிசா நம்பினார். மொத்த சேவைக்கும் கிடைத்த சம்பளம் 10 டாலர்.

ஆனால் வார்டிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவரைக் கைவிடவில்லை. அவற்றை வைத்து எழுதிய 'ஹாஸ்பிட்டல் ஸ்கெட்சஸ்' 1863-ல் முதலில் பத்திரிகையிலும், பிறகு புத்தகமாகவும் வந்தது. எழுத்தாளராக அவரை ஊருக்கு அடையாளம் காட்டியது அதுதான். 1868-ல் 'லிட்டில் வுமன்' வந்தது. வீட்டின் பணக்கஷ்டம் தீர்ந்தது.

1888 மார்ச் 6-ல், அப்பா இறந்து இரண்டே நாளில், 55 வயதில் லூயிசா இறந்தார்.

டைபாய்டு படுக்கையில் லூயிசா இழந்தவற்றில் அவருடைய நீளமான கூந்தலும் ஒன்று. தன்னிடம் இருந்த ஒரே அழகு என்று அவர் நினைத்த கூந்தல் அது. 'லிட்டில் வுமன்' நாவலில், வாஷிங்டன் மருத்துவமனையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க அம்மா கிளம்பும்போது, பணத்துக்காக ஜோ வெட்டி விற்பதும் தன் கூந்தலைத்தான்.