மனைவி பெயரைச் சேர்த்துக்கொண்ட மந்திரி

இந்தியாவுக்குச் சுதந்திரம் தருவது பற்றிப் பேச, 1946-ம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் இருந்து 3 மந்திரிகள் டெல்லி வந்தார்கள். தூதுக்குழுவின் தலைவர், பெதிக் லாரன்ஸ் பிரபு. அவர் பெயரில் பாதி, மனைவியின் பெயர்!

பிறக்கும்போது அவர் வெறும் பிரடெரிக் லாரன்ஸ். பணக்காரக் குடும்பம், வக்கீலுக்குப் படித்தவர். லண்டனில் ஏழைப் பெண்களுக்காக உழைத்து வந்த எம்மலின் பெதிக்கை 1901-ல் மணந்தார். கல்யாணம் ஆனதும் பெண்ணின் குடும்பப் பெயர் மறைந்துவிடுவது இங்கிலாந்து வழக்கம். இவர்களோ இரண்டு பெயரையும் இணைத்து, இருவருமே பெதிக் லாரன்ஸ் ஆனார்கள். அதிலும் மனைவியின் பெயர்தான் முன்னால். பாங்கிக் கணக்கும் தனித்தனி.

பெயரோடு நிற்கவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு இருவரும் பத்திரிகை நடத்தினார்கள். 1912-ல் இருவருக்கும் 9 மாத ஜெயில். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குப் பலவந்தமாக உணவு செலுத்தினார்கள். கோர்ட்டுச் செலவுக்காக வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. போதாக்குறைக்கு, பாடுபட்டு வளர்த்த இயக்கமே அவர்களை வெளியேற்றியது.

1923 தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்தார், லாரன்ஸ். 1945-ல் இந்தியா மந்திரி ஆனார்.

எம்மலின் 1954-ல் காலமானார். பழைய ஓட்டுரிமைப் போராளி ஹெலன் கிராக்சை 1957-ல் அவர் மறுமணம் செய்தார். அந்த அம்மாளும் பெதிக் லாரன்ஸ் ஆனார்.