ஆண்ட்ரூ பெல்

கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும்போதுதான் அக்கல்வி ஒருவர் உள்ளத்தில் வேரூன்றுகிறது. இவ்வுண்மையைத் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. பொருநை பாயும் நெல்லைச் சீமையாயினும், கடல்சூழ் சென்னையாயினும், ஆசிரியர் ஒருவரே பல நிலை மாணாக்கரையும் பயிற்ற வேண்டியிருந்தது. ஆதலின், மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையோர்க்கு எழுத்தறிவித்தான். இம்முறையின் பயனை மேலைநாட்டார்க்கு உணர்த்தியவர் ஆண்ட்ரூ பெல் ஆவார்.

பெல் 1753 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார். சமய குருவாகி, 1787 இல் சென்னைக்கு வந்தார். 1789 இல், ஐரோப்பியப் படைவீரரின் ஆதரவற்ற மைந்தர்க்கென எழும்பூரில் அமைந்த பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அப்பணிக்கு ஊதியம் பெற மறுத்தார். ஆயின், பள்ளியின் நிலை அவரை வருத்தியது. உதவி ஆசிரியர்கள் ஊக்கமின்றிப் பணிபுரிந்தனர். சிறுவர்கள் எழுத்துகளைக் கற்கவே நெடுநாள் ஆயிற்று.

ஒருநாள் காலை, குதிரைமீது சென்ற பெல், தமிழ்ப் பள்ளி ஒன்றைக் கண்டார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தம் பள்ளிக்குத் திரும்பிய அவர், அங்கும் அவ்வாறே கற்பிக்குமாறு பணித்தார். உதவி ஆசிரியர் அஃது இயலாதென்றார். பெல் மனம் தளரவில்லை. படைவீரர் ஒருவரின் மகனாகிய ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியோர் இயலாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? அண்மையில் கற்றவன், தான் இடறிய இடத்தை மறப்பதில்லை. தோழன் இடறும்போது கைகொடுக்க அவன் அறிவான். தோழனிடம் ஐயத்தைக் கேட்கப் பிள்ளைகளும் அஞ்சுவதில்லை. பின்னர்ப் பள்ளி முழுவதிலும் இம்முறை பரவியது. கற்பிப்போனும் கற்போனுமாக மாணாக்கர் இருவர் இருவராய் இணைக்கப்பெற்றனர்.

உடல்நலம் குன்றவே, பெல் 1796 இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு, தாம் சென்னையில் கண்டதை நூலாக வெளியிட்டார். 1811 இல் தோன்றிய இங்கிலாந்தின் தேசியக் கல்விச் சங்கம் இம்முறையை மேற்கொண்டு, பல்லாயிரம் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிகள் நடத்திற்று. உலகம் இதனைச் சென்னை முறை என்றே அழைத்தது. 1832 இல் மறைந்த பெல்லின் உடல், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

இம்முறையிலும் குறைகள் உண்டு. பொருளுணராது ஒப்புவிக்கும் பழக்கம் பல பள்ளிகளில் மிகுந்தது. ஏழைகட்கு எழுத்தும் கணக்கும் மிகுதியாக வேண்டா எனப் பெல் ஒருகால் கருதியதும் ஏற்கத்தக்கதன்று. எனினும், அவர் போற்றிய நெறி அழியவில்லை. இன்று செவிலியர் பயிற்சியிலும் மூத்த மாணவியர், குருதியழுத்தம் அளக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் இளையோர்க்குக் காட்டித் தருகின்றனர். தேர்ந்த ஆசிரியை அருகிருந்து பிழை திருத்துகிறார். கற்பிக்கும் கை உறுதி பெறுகிறது. கற்கும் கை அச்சம் நீங்குகிறது. நோயாளி நலம் பெறுகிறார்.

நெல்லையை அடுத்த பேட்டையில் ஒரு சிறுவன் தன் தோழனுக்குக் கணக்கை விளக்கும்போதும் அந்நெறியே வாழ்கிறது. கல்வி, கொடுக்கக் குறையாத செல்வம்; கொடுப்போனையே முதலில் வளர்க்கும் செல்வமும் அதுவே.