கோபுரத்தின் மேலிருந்து நாட்டை அளந்தவர்

தேசப்படம் கற்பிக்கப் புகுவோர் பெரும்பாலும் நிறங்களையும் குறியீடுகளையுமே முதலில் எடுத்துக்கொள்வர். புளியங்குளத்தில் என்னிடம் பயிலும் மாணவருக்கு நான் வில்லியம் லாம்ப்டனின் வரலாற்றையே முதலிற் சொல்வது வழக்கம். அதற்குக் காரணம் எங்கள் நிலம். குளக்கட்டின்மேல் ஏறி நின்றாலும் காட்டின் விளிம்புக்கு அப்பால் எதுவும் தெரியாது. இத்தகைய சமவெளியில் இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பிழையின்றி அறிவது எங்ஙனம்? அவ்வினாவுடன் இருபது ஆண்டுகள் போராடியவர் அவர்.

லாம்ப்டன் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் எளிய குடும்பத்திற் பிறந்தவர், கணிதத்தில் வல்லவர். படையிற் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரின்போது 1781ஆம் ஆண்டு யோர்க்டவுனிற் சிறைப்பட்டார். பின்னர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிற் பல ஆண்டுகள் கழித்தார். கறுப்புக் கண்ணாடியின்றிச் சூரிய கிரகணத்தை நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது என்பர். அவ்வாறாயின், மற்றைக் கண்ணை நம்பியே அவர் ஒரு தேசத்தை அளந்தார்! இந்தியாவுக்கு வந்தபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது, இரவில் நடந்த படை திசை மாறிப் பகைவரை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டே உணர்ந்து எச்சரித்தார் என்று ஒரு செய்தி உண்டு.

அவரது பெருமுயற்சி 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கியது. ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான ஒரு நேர்கோட்டை, நூறு அடி உருக்குச் சங்கிலியால் நானூறு முறை அளந்தார். வெயிலிற் சங்கிலி நீளும். எனவே, அதைப் பெட்டிகளுள் நீட்டி வைத்து, வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் செய்தார். ஒரு கோட்டுக்காக ஏன் இத்துணைப் பாடு? எங்கள் குளக்கட்டில் நூறு அடி அளந்து, அதன் இரு முனைகளிலும் நின்று அக்கரையிலுள்ள மருதமரத்துக்குக் கோணம் பார்த்தால், நீரில் இறங்காமலே மரத்தின் தூரத்தைக் கணக்கிடலாம். அம்முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். அது மற்றொன்றுக்கு அடியாகும். முதற்கோடு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். ஆதலின் 1804இல் பெங்களூரில் மீண்டும் ஒரு கோட்டை அளந்து பார்த்தார். கணக்கிற் கிடைத்த நீளத்துக்கும் நிலத்தில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு சில அங்குலமே.

இது வீண்செலவு என்றோரும் உளர். வழி தெரியாவிட்டாற் பல்லக்குச் சுமப்போரைக் கேட்டாற் போதும் என்பது அவர்தம் வாதம். ஆனால், சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் பழைய படங்களில் ஏறக்குறைய 40 மைல் மிகையாக வரையப்பட்டிருந்ததை லாம்ப்டனின் முக்கோணங்கள் காட்டின. ஊர் ஊராக அளந்து ஒட்டினாற் பிழை பெருகும். முழுமையை முதலில் நிறுத்திப் பின்பு பகுதிகளை நிரப்புதல் வேண்டும். படவியலின் தலையாய விதி இதுவே என்பது என் துணிபு.

தஞ்சைச் சமவெளியில் மலைகள் இல்லாமையால் அவர் கோயிற் கோபுரங்களை நாடினார். கோணம் அளக்கும் அவரது தியோடலைற் கருவி ஏறத்தாழ அரைத் தொன் நிறையுடையது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, மொரீசியசுத் தேசாதிபதியின் பெருந்தன்மையால் சென்னை சேர்ந்தது அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு அதனை ஏற்றுகையிற் கயிறு கைவிட, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. வேறொருவராயிற் பணியைக் கைவிட்டிருப்பர். அவரோ கூடாரத்துள் அடைந்து, ஆறு வாரகாலம் ஆப்பும் திருகும் கொட்டாப்புளியும் கொண்டு சிறிது சிறிதாக அவ்வட்டத்தைப் பழைய உருவுக்குக் கொணர்ந்தார். மறு ஆண்டு குமரிமுனையை அடைந்தார்.

அவர் வரைந்த முக்கோணங்களில் ஊருமில்லை, குளமுமில்லை. அவை எலும்பு, தசை பின்னர் வருவது. அங்கே வேறொரு நேர்மை வேண்டும். ஐம்பதாயிரத்தில் ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில், பத்து மீற்றர் அகலமான வீதி 0.2 மில்லிமீற்றராகச் சுருங்கும்; கண்ணுக்குப் புலப்படுவதரிது. ஆகவே, எங்கள் ஊரில் நெடுங்கேணி வீதி பிரியும் கண்டி வீதியைப் படம் வரைவோர் உள்ளதிலும் பருமனாகவே தீட்டுவர். எதனைப் பெருக்குவது, எதனை விடுவது என்பதில் வரைபவரின் மதிப்பீடு உண்டு. விடுபட்ட சிறு குளத்தின் கீழ் வயல் செய்வோருக்கு அஃது அற்ப விடயமன்று.

அவ்வளவை ஆட்சிக்கும் வரிக்கும் படைக்கும் பயன்பட்டது, அதை மறைப்பதற்கில்லை. கொடியும் சங்கிலியும் சுமந்து காட்டுக் காய்ச்சலுக்கு இரையான நம்மவர் பலரின் பெயர்கள் எப்படத்திலும் இல்லை. லாம்ப்டனின் நாட்டமோ, பூமியின் வடிவத்தை அறிவதில் இருந்தது. குமரியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 பாகை வரை வளைகோடு அளந்தார். 1818இல் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக வந்தார். உலகின் உயர்ந்த சிகரத்துக்கு 1865இற் சூட்டப்பட்டது அவ்வுதவியாளரின் பெயரே. லாம்ப்டன் 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், நாகபுரிக்குச் செல்லும் வழியில், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள ஹிங்கன்காட்டிற் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.