வலங்கைமான் தந்த அறிக்கையாளர்

வலங்கைமான் என்றதும் பலருக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று பாடைகட்டி மாரியம்மன் திருவிழா, மற்றொன்று பட்டாசு. அவ்வூரில் பிறந்து வளர்ந்த நான் மூன்றாவதாக ஒரு பெயரையும் சேர்க்க விரும்புகிறேன். அதுவே மகாகனம் வ. ச. சீனிவாச சாஸ்திரியார் என்னும் பெயர்.

வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று ஆங்கிலேயரே வியந்த பேச்சாளர் அவர். எனினும் வணிகவியல் மாணவனாகிய எனக்கு அவர் சிறந்த அறிக்கையாளராகவே தோன்றுகிறார். அதற்கான காரணத்தை இங்கே கூற முற்படுகிறேன்.

1869 செப்டம்பர் 22ஆம் நாள், வறிய புரோகிதர் குடும்பத்தில் சாஸ்திரியார் பிறந்தார். கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பு. பின்னர் ஆசிரியப் பணி. சேலத்தில் கற்பித்தவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915இல் அவர் மறைந்தபின் அதன் தலைவரானார்.

அதன்பின் கடல் கடந்த இந்தியரின் நிலையைக் கண்டறிந்து சொல்வதே அவர் வாழ்வின் பெரும்பணியாயிற்று. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று வந்து அறிக்கை அளித்தார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இருந்தார். டர்பன் நகரில் அவர் முயற்சியால் எழுந்த கல்வி நிலையம் அவர் பெயரையே தாங்கியது. 1929இல் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1936 இறுதியில், இந்திய அரசு அவரை மலாயாவுக்கு அனுப்பியது. இந்தப் பயணம் எனக்கு நெருக்கமானது. நம் காவிரிப் படுகையிலிருந்து எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அங்குள்ள ரப்பர் தோட்டங்களுக்குச் சென்றனர். என் கொள்ளுப்பாட்டியின் தமையனாரும் அப்படிச் சென்றவர்தாம். சில கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன. அவர் திரும்பவே இல்லை.

தோட்டக் கம்பெனிகள் தம் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் இலாப நட்டக் கணக்கை அனுப்பின. அதில் கூலி என்பது செலவினங்களுள் ஒன்று, அவ்வளவுதான். அந்தக் கூலியில் ஒரு குடும்பம் உண்ண முடிந்ததா? லயத்து வீடு குடியிருக்கத் தக்கதா? பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா? இவற்றுக்கு அக்கணக்கு விடை சொல்லாது. சாஸ்திரியாரின் 1937ஆம் ஆண்டு அறிக்கையோ கூலி, குடியிருப்பு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றைச் சேர்த்தே ஆராய்ந்தது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் மீண்டும் தரவேண்டும் என்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு கூடாது என்றது.

ஆனால், அவ்வறிக்கை மிகவும் மென்மையானது என்று மலாயா இந்தியர் தலைவர்கள் குறைகூறினர். அதை மறைப்பது முறையன்று. கூலி 1937இல் உயர்ந்தது உண்மை. ரப்பர் விலை சரிந்ததும் 1938இல் மீண்டும் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய அரசு அங்குத் தொழிலாளர் செல்வதையே தடைசெய்தது. கண்டு சொல்லும் அறிக்கை நன்று. கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இல்லையேல் அதன் பயன் நிலைப்பதில்லை.

இதே வினாவை இன்று வணிகவியல் ஆய்வாளர்கள் வேறு பெயரில் எழுப்புகின்றனர். அதுவே ஒருங்கிணைந்த நிறுவன அறிக்கை. சாஸ்திரியார் பணியாற்றிய அதே தென்னாப்பிரிக்காவில்தான், ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை 2010இல் தன் பட்டியலில் உள்ள நிறுவனங்கள் அதைத் தரவேண்டும், இல்லையேல் காரணம் கூறவேண்டும் என்றது. 2013இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை நிதி, உற்பத்தி, அறிவு, மனிதர், சமூக உறவு, இயற்கை என மூலதனத்தை ஆறாக வகுத்தது. நம் நாட்டில் செபி 2017இல் முதல் 500 நிறுவனங்களுக்கு இதனை விருப்பத்தின்பேரில் பின்பற்றுமாறு பரிந்துரைத்தது. 2022-23 முதல் முதல் 1000 நிறுவனங்கள் சமூகம், சுற்றுச்சூழல் பற்றிய பொறுப்பறிக்கை தருவது கட்டாயமாயிற்று. தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. விருப்பத்திலிருந்து கட்டாயத்துக்கு வந்த இந்தப் பயணத்தின் தேவையை மலாயா அனுபவம் எனக்குத் தெளிவாக்கியது.

1946 ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். குடமுருட்டிக் கரையில் நடக்கும்போதெல்லாம் நான் இருவரை நினைக்கிறேன்: ஒருவர் அறிக்கை எழுதக் கப்பலேறியவர், மற்றவர் கூலிக்குக் கப்பலேறியவர். நண்பர்களே, நாளை நம்முள் பலர் கணக்கர்களாகவும் தணிக்கையாளர்களாகவும் அமரப் போகிறோம். கையொப்பமிடுமுன், கூலி என்னும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்பவர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக!