மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வில் கிறித்தவ அறம்: நீதிமன்றம், பஞ்சம், சமரசக் கீர்த்தனை

முன்னுரை

தமிழ் நாவலின் வரலாறு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) பெயரோடு தொடங்குகிறது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் அவருக்கு அந்த இடத்தைத் தேடித் தந்தது. அதே நூல் அவருடைய வாழ்வின் பிற பகுதிகளைப் பின்னுக்குத் தள்ளியும் விட்டது. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதல் நாவலாசிரியர் என்ற நிலையிலேயே நின்றுவிடுகின்றனர். சமயம் குறித்துப் பேச நேரும்போதோ அவரை இருவேறு மனிதர்களாகப் பிரித்துக் காண்கின்றனர். திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, சத்திய வேதக் கீர்த்தனை ஆகியவற்றைப் பாடிய கத்தோலிக்கர் ஒருவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடிய பொதுநோக்கினர் மற்றொருவர். முதலாமவருடைய பிடிப்புத் தளர்ந்ததன் விளைவே இரண்டாமவர் என்னும் எண்ணமும் இப்பகுப்பினுள் மறைந்து கிடக்கிறது. அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் வைத்து நோக்கினால் இப்பகுப்பு நிலைபெறுவதில்லை. சமரசக் கீர்த்தனை அவருடைய கிறித்தவ நம்பிக்கையிலிருந்து விலகிய நூலன்று. அந்நம்பிக்கை பஞ்சத்தின் நடுவே எடுத்த வடிவமே அது என்பதை இக்கட்டுரை அவருடைய வாழ்க்கை வழியே நிறுவ முயல்கிறது.

குளத்தூரும் திருச்சிராப்பள்ளியும்

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். பாட்டனார் காலத்திலேயே கத்தோலிக்க நெறியைத் தழுவிய வேளாளக் குடும்பம் அவருடையது. வீரமாமுனிவரின் தேம்பாவணி இயற்றப்பட்டதாகக் கூறப்படும் 1726ஆம் ஆண்டிற்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து அவர் பிறந்தது தற்செயலே. ஆயினும் கிறித்தவப் பொருளைத் தமிழ் யாப்பிலும் தமிழ் இலக்கிய வகைகளிலும் பாடும் மரபு அதற்குள் வேரூன்றிவிட்டது என்பதை அவ்வாண்டுக் கணக்கு நினைவூட்டுகிறது. அந்தாதியும் மாலையும் பதிகமும் அவருக்கு அயல் வடிவங்களாகத் தோன்றியதில்லை.

திருச்சிராப்பள்ளியில் தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அவ்வாசிரியர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். மாணவரும் அதே வழியில் சென்று, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கிற்கும் தமிழ் மட்டுமே அறிந்த வழக்காளிக்கும் இடையே நிற்கும் வேலை அது. தமக்கு எதிராகவோ சார்பாகவோ என்ன சொல்லப்படுகிறது என்பதே விளங்காமல் மன்றத்தில் நிற்கும் மனிதர்களை நாள்தோறும் காணும் நிலையில் அவர் இருந்தார். பின்னாளில் பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்கவேண்டும் என்று ஞானாம்பாள் வாயிலாக விரிவாக வாதிடும் பகுதி அமைந்திருப்பதன் தோற்றுவாயை இங்கே காணலாம். அதனை மொழிப்பற்று என்று மட்டும் கொள்வது குறைவான வாசிப்பாகும். எளியவர் தம் வழக்கைத் தாமே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் நீதியுணர்வே அதன் அடிப்படை.

முன்சீப் பதவி

1857இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். 1845 வரை தேனியர் ஆட்சியில் இருந்த ஊர் அது. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறிய ஊரும் அதுவே. கத்தோலிக்கரான ஒருவர் லூத்தரன் மரபு வேர்கொண்ட ஊரில் நீதி வழங்க அமர்ந்தார். பின்னர்ச் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரப் பணியே நெடியது. ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவிற்கு அவர் அங்கு நிலைபெற்றார்.

முன்சீப் பதவி அக்காலத்தில் செல்வாக்கும் வருவாயும் உடையது. கைக்கூலிக்கு வழி திறந்து வைத்ததும் கூட. 1850களின் இறுதியில் அவர் இயற்றிய நீதிநூலில் கைக்கூலியைக் கண்டிக்கும் பகுதி இடம்பெற்றது இதனால் கவனத்திற்குரியது. திருக்குறளும் நாலடியாரும் வகுத்த அறநூல் மரபில் நின்றே அவர் எழுதினார் எனினும், நீதிமன்றப் படியேறி இறங்கிய ஒருவரின் அறிவு அந்நூலில் கலந்திருக்கிறது. பழைய அறநூல்கள் அரசனையும் அமைச்சனையும் நோக்கிப் பேசின; இவர் அரசு ஊழியரையும் நோக்கிப் பேசினார். இந்நூலின் புதுமை இதுவே.

1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் அவர் தமிழாக்கியதும் இக்காலத்துப் பணியே. இலக்கிய வரலாறுகள் இந்நூலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கவிதை நயமோ கதைச் சுவையோ அதில் எதிர்பார்க்க இயலாதுதான். ஆனால் அரைநூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தனியொருவர், பதவிப் பணிகளுக்கிடையே, தமிழறிந்தோர் கையில் சேர்ப்பிக்க மேற்கொண்ட உழைப்பு எளியதன்று. தொண்டு என்னும் சொல்லை வழிபாட்டிற்கும் தானத்திற்கும் மட்டும் உரியதாகக் கருதாவிடில், அவருடைய தொண்டில் முதலிடம் பெறவேண்டியது இம்மொழிபெயர்ப்பே.

1869இல் வெளியிட்ட பெண்மதி மாலையும் பெண்கல்வி பற்றிய அவருடைய உரைநடை எழுத்தும் மற்றொரு திசையில் சென்றன. பெண்கள் கல்வி பெறவேண்டும் என்று எழுதியதோடு நில்லாமல் மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்று தோன்றவும் அவர் காரணமாக இருந்தார் என்பர். இல்லறத்தில் துணைவியரின் மறைவைப் பன்முறை கண்டவர் அவர். அத்துயரம் அவர் எழுத்தில் வெளிப்படையாக இடம்பெறுவது அரிது.

1872இல், மேலதிகாரியாக இருந்த ஆங்கிலேய நீதிபதியோடு ஏற்பட்ட முரண்பாட்டைத் தொடர்ந்து, முதுமை வருமுன்னரே அவர் பதவியிலிருந்து விலகினார். அவருடைய நம்பிக்கைக்குச் சோதனையான காலம் அதன்பின்னரே வந்தது.

சைவச் சூழலில் கத்தோலிக்கர்

மாயூரம் சைவத்தின் பெருநிலம். திருவாவடுதுறை ஆதீனம் அருகில் இருந்தது. ஆதீனப் புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) வேதநாயகம் பிள்ளையின் நெருங்கிய நண்பர். மகாவித்துவான் அவரைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை பாடினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப்பைக் கோவைத் தலைவராக்கியது 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சூழலின் அரிய நிகழ்வு. வேதநாயகம் பிள்ளையும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் பாராட்டிச் செய்யுள்கள் பாடினார். இளைஞரான உ. வே. சாமிநாதையர் மாயூரத்தில் அவரைக் கண்டு பழகியதைத் தம் எழுத்துகளில் பதிந்துள்ளார்.

இந்நட்பு சமயக் கருத்துகளை ஒன்றாகக் கலந்ததால் விளைந்ததன்று. அவர் திருச்சபையை விட்டு விலகவில்லை. தேவமாதாவைப் பாடுவதையும் நிறுத்தவில்லை. தம் நம்பிக்கையில் உறுதியாய் நின்றவர் பிறர் நம்பிக்கையைக் கண்டு அஞ்சவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். கால்டுவெல், போப் முதலியோரின் தமிழ்ப்பணிக்குக் கிடைத்த ஆய்வுக் கவனத்தில் சிறு பங்கேனும், உள்நாட்டுக் கத்தோலிக்கர் ஒருவர் சைவ மடத்தோடு கொண்ட இவ்வுறவிற்குக் கிடைத்திருக்கலாம்.

தாது வருடப் பஞ்சம்

1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நாவில் நிலைத்துவிட்ட அக்கொடுமை 1878 வரை நீண்டது. தென்னிந்தியாவில் பல இலட்சம் பேர் மடிந்தனர். சென்னை மாகாணத்தில் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு நிவாரணம் வழங்க முற்பட்டபோது, செலவைக் கட்டுப்படுத்த 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் அனுப்பப்பட்டார். நிவாரணப் பணியில் உடலுழைப்பு செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என அவர் வகுத்த அளவு வரலாற்றில் இகழ்ச்சிக்குரிய பெயராக நின்றுவிட்டது. தானியம் ஏற்றுமதியாவதும் தடுக்கப்படவில்லை. காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சைப் பகுதி வறண்ட மாவட்டங்களைப் போல அழியவில்லை. ஆயினும் விலையேற்றம் கூலியாட்களின் வாயில் மண்ணைப் போட்டது.

அரசு அளந்து கொடுத்த காலத்தில் ஓய்வுபெற்ற முன்சீப் அளவின்றிக் கொடுத்தார். தம் சேமிப்பையும் பொருளையும் பசித்தோர்க்குச் செலவிட்டார். கஞ்சித் தொட்டிகள் அமைத்து உணவளித்தார். பதவி வருவாய் நின்றுபோன நிலையில் செய்த கொடை அது என்பதை மறத்தலாகாது. நாளைக்கென வைத்திருந்ததை இன்று கொடுப்பவர் நாளையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டே கொடுக்கிறார். வேதநாயகம் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த ஒப்படைப்பே இறைநம்பிக்கையின் பொருளாயிற்று.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைக் கண்டு அவர்மீது கீர்த்தனை ஒன்று பாடினார். மனிதரைப் பாடுவதை விரும்பாதவர் எனச் சொல்லப்படும் சிவபக்தர் பாரதியார். அவருடைய பாட்டைச் சான்றாகக் கொண்டால், அப்பஞ்சக் கொடை ஊரார் கண்ணில் எத்தகையதாகத் தோன்றியது என்பது புலப்படும்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சி இவ்விடத்தில் ஒப்பிடத் தக்கது. அக்காட்சியில் பசித்தவனுக்கு உணவளித்தவர்கள், தாம் யாருக்கு உணவளித்தோம் என்பதை அறியாமலே அளித்தவர்கள். உண்டவனின் பெயரை அவர்கள் கேட்கவில்லை. தீர்ப்பு நாளில் அதை அறிந்து வியக்கின்றனர். கஞ்சித் தொட்டியின் இயல்பும் இதுவே. வருவோர் எச்சமயத்தார் என்னும் வினா அங்கு எழுவதில்லை. பசி ஒன்றே தகுதி.

சமரசக் கீர்த்தனை

சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878இல் வெளிவந்தது. அவ்வாண்டு தற்செயலானதன்று. பஞ்சம் நீங்க வேண்டிக் கடவுளிடம் முறையிடும் கீர்த்தனைகள் இந்நூலில் உண்டு. இறைவனுக்கு எச்சமயத்துப் பெயரும் இடாமல் அவை பாடுகின்றன. கஞ்சித் தொட்டியில் வருபவரின் சமயம் கேட்கப்படாததைப் போலவே, இக்கீர்த்தனைகளிலும் அழைக்கப்படுபவரின் சமயப் பெயர் சுட்டப்படவில்லை. இறைத்துதியோடு அரசு ஊழியர்க்கும் இல்லறத்தார்க்கும் உரிய அறவுரைகளும் கருநாடக இசைப் பண்களில் அமைந்து நூலை நிறைக்கின்றன. நீதிநூலின் குரல் இங்கு இசையோடு சேர்கிறது.

இந்நூலைக் கிறித்தவ அடையாளம் நீர்த்துப்போனதன் சான்றாகக் கொள்வோர்க்குச் சத்திய வேதக் கீர்த்தனையே மறுமொழி. கிறித்தவ வழிபாட்டிற்குரிய பாடல்களை அவர் தனி நூலாக வைத்தார். எந்தக் கூட்டத்தில் எந்தப் பெயரால் இறைவனை அழைப்பது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. பொதுவெளியில் பஞ்சத்தால் நொந்த எல்லாரும் ஒன்றாகப் பாடக்கூடிய முறையீட்டில், ஒருவரும் வெளியே நிறுத்தப்படாதபடி பெயரை அவர் தவிர்த்தார். விட்டுக்கொடுத்தல் என்பதைவிட ஈதல் என்று இதனைச் சொல்வதே பொருந்தும்.

சமரசத்தையும் உணவளித்தலையும் இணைத்தவர் அந்நூற்றாண்டில் அவர் ஒருவரே அல்லர். 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவிய இராமலிங்க அடிகள் அவருக்கு மூன்று ஆண்டு மூத்தவர். காவிரிக்கு வடக்கே, மாயூரத்திற்குத் தொலைவிலல்லாத நிலத்தில் வாழ்ந்தவர். பசிப்பிணி தீர்ப்பதை ஆன்மநேயத்தின் முதற்படியாக்கிய அடிகள் சமயக் கட்டுகளைக் கடந்து புதுநெறி கண்டார். வேதநாயகம் பிள்ளை புதுநெறி காணவில்லை, சங்கம் அமைக்கவில்லை, பிறந்த சமயத்திற்குள்ளேயே இருந்துகொண்டு கதவைத் திறந்து வைத்தார். இருவரின் சமரசத்தையும் ஒரே சொல்லால் குறிப்பதாலேயே ஒன்றெனக் கொள்ளும் போக்கு ஆய்வில் தொடர்கிறது. ஒன்று சமயங்களைக் கடத்தல். மற்றொன்று ஒரு சமயத்தின் அறத்தை அதன் எல்லைக்கு வெளியே உள்ளவர்க்கும் உரியதாக்கல். மணிமேகலையின் அமுதசுரபி முதல் தமிழில் தொடரும் உணவறத்தின் வழியில் இருவரும் நிற்கின்றனர் என்பது வேறு.

தனிமனிதக் கொடையால் பஞ்சத்தின் காரணங்கள் நீங்கிவிடா. தானிய வணிகத்தையும் வரி முறையையும் மாற்றும் வலிமை ஒரு முன்னாள் முன்சீப்பிடம் இல்லை. இக்குறையை மறைத்து அவரைத் தெய்வமாக்குவதும், இக்குறை கருதி அவர் செய்ததைச் சிறுமைப்படுத்துவதும் ஒருசேரத் தவறாகும்.

இறுதி ஆண்டுகள்

பஞ்சம் ஓய்ந்த மறுஆண்டே பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. நகைச்சுவையும் கிளைக்கதைகளும் நிறைந்த அந்நூலில் பஞ்சத்தின் கருமையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நல்லாட்சி எத்தகையது என்பதை ஆணுடையில் அரியணை ஏறும் ஞானாம்பாள் வழியே காட்டுவதில் ஆசிரியர் கொள்ளும் ஈடுபாடு மட்டும், ஆட்சி தவறியதைக் கண்ட ஒருவரின் ஈடுபாடாகத் தோன்றுகிறது. 1887இல் இரண்டாம் நாவலான சுகுண சுந்தரி வெளிவந்தது. மாயூரம் நகராட்சித் தலைவராகவும் அவர் ஊர்ப்பணி ஆற்றினார்.

1889 சூலை 21ஆம் நாள் மாயூரத்தில் மறைந்தார். அவருடைய சமரசக் கீர்த்தனைகள் பின்னாளில் கருநாடக இசை மேடைகளிலும் ஒலித்தன.