சுவரைத் தாண்டிய அலை!

1895-ம் ஆண்டு. கல்கத்தாவில் ஒரு கூட்டம். வங்காளத் துணை கவர்னர் தலைமை வகித்தார். மேடையில் சிறிய கருவி ஒன்று இருந்தது. 75 அடிக்கு அப்பால், மூன்று சுவர் தள்ளி, வேறோர் அறையில் ஒரு மணி, ஒரு கைத்துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்து. நடுவில் கம்பி கிடையாது.

கருவி இயங்கியது. மணி அடித்தது! துப்பாக்கி வெடித்தது! வெடிமருந்தும் வெடித்தது! வழியில் இருந்த துணை கவர்னரின் கனத்த உடம்பும் அலையைத் தடுக்கவில்லை.

அதைச் செய்து காட்டியவர் ஜெகதீச சந்திர போஸ்.

மூன்று ஆண்டு சம்பளம்

1858 நவம்பர் 30-ந் தேதி, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை சர்க்கார் அதிகாரி. ஆனாலும் மகனை வங்காளிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே மீனவர் மகன் போசின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான்.

இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம்; இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் தவறாமல் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! வீட்டிலோ தந்தை பட்ட கடன். 1887-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. அபலா அம்மையார் எப்படிக் குடும்பம் நடத்தினாரோ! கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் மொத்தமாகக் கிடைத்தது. கடன் அடைந்தது.

அரிசி நீள அலை

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் இருப்பதை 1888-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் காட்டியிருந்தார். அவை நீளமான அலைகள். ஆராயப் பெரிய கருவிகள் வேண்டும். போஸ் 5 மில்லிமீட்டர் அலையை உண்டாக்கினார். ஏறக்குறைய ஓர் அரிசியின் நீளம்! இனி மேஜை மீதே அளக்கலாம் அல்லவா?

கருவிகளைச் செய்ய ஒரு தகரக் கொல்லரைப் பழக்கினார். கந்தகம், கீல், முறுக்கிய சணல் என்று ஒவ்வொன்றையும் அலைக்குக் குறுக்கே வைத்தார். எது அலையை விடுகிறது, எது திருப்புகிறது, எத்தனை டிகிரி வளைக்கிறது என்று கணக்கெடுத்தார். ரயில் கால அட்டவணைப் புத்தகம்கூடத் தப்பவில்லை! தாள்களின் நடுவே தகரத்தாளைச் செருகி அதையும் ஒரு கருவியாக்கினார்.

இன்று செல்போன் கோபுரம் நிறுத்தும் என்ஜினீயர்களும் இதைத்தான் அளக்கிறார்கள். சுவரில் அலை எவ்வளவு குறையும்? கண்ணாடியில் எவ்வளவு? 5ஜி சேவையின் ஒரு பகுதி, போஸ் கையாண்டவை போன்ற சிறிய அலைகளில்தான் நடக்கிறது.

வந்த பணம் வேண்டாம்

1901-ல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமைப் பத்திரத்தோடு போசைத் தேடி வந்தார். லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார். போஸ் மறுத்துவிட்டார். பிறகு நண்பர்கள் விடாமல் வற்புறுத்தியதால், அலையை உணரும் கருவி ஒன்றுக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதையும் காசாக்காமல் காலாவதியாக விட்டார்.

பின்னாளில் அவர் மனம் செடிகொடி ஆராய்ச்சியில் ஈடுபட்டது. 1917-ல், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்ற ஊரில் காலமானார். அந்தத் தகரக் குழல்களும் கருவிகளும் அவருடைய நிலையத்தில் இன்றும் இருக்கின்றன.