ஆளை எடுத்து வேலை கற்றுக்கொடுத்த ஜி.டி. நாயுடு



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தில் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் நம் ஆரணிக்காரர் இல்லை, கோயம்புத்தூர்க்காரர். ஜி.டி. நாயுடு. மோட்டார், ஷேவிங் ரேசர், பஸ் கம்பெனி என்று பொது அறிவுப் புத்தகத்தில் எல்லோரும் படித்த பெயர்தான். அந்தக் கண்டுபிடிப்புகளுக்காக நான் அவரை எடுக்கவில்லை. வேலை கேட்டு வருகிறவனுக்கு அடிப்படை தெரியவில்லை என்றால் திருப்பி அனுப்புவதா, கற்றுக்கொடுத்து வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு அவர் முதலாளி நாற்காலியிலிருந்தே ஒரு பதில் சொன்னவர். அந்தக் கேள்வி இன்றைக்கு நம்ம ஊர்க் கேள்வி.

ஆரணி என்றால் பட்டு, அரிசி. தறி வீட்டுப் பிள்ளை யாரிடமும் மனுப்போட்டுத் தொழில் கற்றதில்லை. அம்மா தார் சுற்றும்போது பக்கத்தில் உட்காரும், அப்பா தறிக்குழியில் இறங்கினால் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடும். பத்து வருஷத்தில் கை பழகிவிடும். இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் தறியை விட்டு செய்யாறு சிப்காட், இராணிப்பேட்டை, ஒரகடம் என்று கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அங்கே வாசலில் ஒரு எழுத்துத் தேர்வு.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் நாளில் மெயின்டனன்ஸ் பக்கத்திலிருந்து என்னையும் உட்கார வைப்பார்கள். 0.5 பெரிதா 0.25 பெரிதா என்று கேட்டால் தடுமாறுகிற ஐ.டி.ஐ. பையன்களைப் பார்த்திருக்கிறேன். வெர்னியரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஒரு தடவை நம்ம ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பையன் வந்தான். 240 கொக்கி ஜக்கார்டு பெட்டியில் எந்தக் கொக்கி தூக்கவில்லை என்று புடவைக் கரையைப் பார்த்தே சொல்லிவிடுவான். பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டான். மார்க் போடும் தாளில் கொக்கிக்குக் கட்டம் இல்லை. அனுப்பிவிட்டார்கள். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனை மெயின்டனன்ஸ் வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பியது இன்று வரை எனக்கு ஜீரணமாகவில்லை.

சரி, நாயுடு அவர்களிடம் வருவோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடியதாக ஒரு கதை வழங்குகிறது. (இந்த ஒரு விஷயத்தில் தம்பிமார்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம்.) ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. இன்றைய கணக்குப்படி பார்த்தால் எந்தக் கம்பெனி வாசலிலும் செக்யூரிட்டியைத் தாண்டி உள்ளே போயிருக்க முடியாது.

கிராமத்துப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்து வண்டி. குதிரையும் மாடும் இல்லாமல் ஓடுகிற அந்த வண்டி அவரைப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்து, சில நூறு ரூபாய் சேரும்வரை வருஷக்கணக்கில் வேலை பார்த்து, அப்படி ஒரு வண்டியை வாங்கியே விட்டார். வாங்கி ஊரைச் சுற்றினாரா என்றால் இல்லை. பிரித்துப் போட்டார். பிரித்ததைத் திரும்ப மாட்டினார். மெக்கானிக் ஆனது இப்படித்தான். தறி வீட்டுப் பிள்ளை தொழில் கற்கிற அதே வழி, பாருங்கள்: பொருள் கையில், தப்பு கண் முன்னால்.

பிறகு திருப்பூரில் பஞ்சு வியாபாரம். காசு சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் கோவையில் காபியும் மில்லும் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ். ஒரு பங்குப் பணம் ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுக்க, மிச்சத்தைத் தாம் போட்டு 1920ல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஸ்டேன்ஸ் 1862லேயே கோவையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியவர். தொழில் நடத்துகிறவர் பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் நடத்துவது என்ற பழக்கம் அந்த ஊருக்கு அப்போதே வந்துவிட்டது. பின்னால் 1926ல் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் அறக்கட்டளை வைத்துத் தொழிற்கூடம் தொடங்கி, பம்பும் மோட்டாரும் செய்கிற இடத்திலேயே பையன்களைப் பழக்கியதும் இந்த வரிசையில்தான் வரும்.

ஒரு பஸ் பல பஸ்ஸானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். 1933 வாக்கில் சுமார் 280 வண்டிகள். இந்த எண்ணிக்கையை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் வேறு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 280 வண்டிக்கு எத்தனை டிரைவர், எத்தனை கண்டக்டர், எத்தனை பிட்டர், எத்தனை எலெக்ட்ரீஷியன்? நம் நாட்டில் ஐ.டி.ஐ. திட்டமே 1950ல்தான் வந்தது. டிரைவிங் ஸ்கூல் என்று தெருவுக்குத் தெரு போர்டு கிடையாது. வந்தவர்கள் மாடு ஓட்டியவர்களும் ஏர் பிடித்தவர்களும்தான். கண்டக்டருக்குச் சில்லறைக் கணக்கு வேணும், டிக்கெட் எழுதத் தெரியணும், மணி பார்க்கத் தெரியணும். நாயுடுவின் வண்டிகள் நேரம் தவறாமைக்குப் பெயர் போனவை. மணி பார்க்கத் தெரியாத ஊழியரை வைத்துக்கொண்டு அந்தப் பெயரை வாங்க முடியாது. ஆகவே எழுத்தும் எண்ணும் நேரமும் கம்பெனியே கற்றுக்கொடுக்க வேண்டிய பாடங்கள். வெளியிலிருந்து தயாராக வாங்க அப்போது கடையே இல்லை.

1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையில் மில்கள் பெருகின, கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. மோட்டார் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. 1937ல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பாலசுந்தரம் நாயுடு தனியே போய் டெக்ஸ்டூல் என்ற பெரிய தொழிற்சாலையை உருவாக்கினார். இதை நான் சும்மா சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தால் பையன் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான், எனக்கு என்ன லாபம் என்று நம் தொழிலதிபர் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போகத்தான் போவான். கோவையில் போனவர்கள் எல்லாம் பட்டறை வைத்தார்கள். பட்டறைக்குப் பட்டறை ஆள் பழகினான். கடைசியில் பம்ப்செட் என்றால் கோயம்புத்தூர் என்று ஆச்சு. அங்கே இன்று புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவன் தெரு முனையிலேயே ஆள் எடுக்கிறான்.

ரேசர், மலிவு விலை ரேடியோ, 1952ல் இரண்டாயிரம் ரூபாய்க்குத் திட்டமிட்ட இரண்டு பேர் கார் என்று அவர் செய்தவை ஏராளம். காருக்கு அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. இவற்றைப் பற்றி வேறு புத்தகங்களில் நிறைய இருக்கின்றன.

1944ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, ஊழியர் நலத் திட்டங்கள் என்று பணத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அடுத்த வருஷம், 1945ல், கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் வைத்தார்கள். பெரும் பணம் கொடுத்தவர் நாயுடு. அரசாங்கம் அங்கீகாரம் கொடுத்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காத அந்த மனிதர்தான் முதல்வர்! பின்னால் இடம் மாறி, அதுதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

சண்டை ஒரு வருஷத்திலேயே வந்துவிட்டது. நான்கு வருஷப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, பாடங்களை மாற்றி அமைத்தால் இரண்டு வருஷம் தாராளம் என்பது அவர் கட்சி. வெள்ளைக்கார சர்க்கார் ஒத்துக்கொள்ளவில்லை. 1946ல் பொறுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இதில் அவர் சொன்னது முழுக்கச் சரி என்று என்னால் சொல்ல முடியாது. நான்கு வருஷம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெர்மோடைனமிக்ஸும் கன்ட்ரோல் சிஸ்டமும் அவசரத்தில் ஏறாது. அரியர் வைத்தவர்கள் சாட்சி சொல்வார்கள். ஆனால் பட்டறைத் தளத்தில் நிற்கப்போகிற ஆளைப் பற்றி அவர் நினைத்தது சரி. அவனுக்குத் தேவை அளவு எடுப்பது, பின்னம், தசமம், படம் பார்த்துப் புரிந்துகொள்வது, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வது. இதற்கு வருஷங்கள் வேண்டாம், வாரங்கள் போதும். கல்லூரியை விட்டபின் நாயுடு செய்தது அதைத்தான். இளைஞர்களை அழைத்துக் கைவேலையாகப் பயிற்சி கொடுத்தார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேணும். நாயுடுவின் பஸ் பட்டறையில் கற்றவனுக்கு மறுநாள் காலை ஓட வேண்டிய வண்டி ஒன்று நின்றது. கற்றது உடனே வேலையானது. இன்று நடக்கிற பல பயிற்சிகளில் சான்றிதழ் இருக்கிறது, வண்டி இல்லை. 2022ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நம் கல்லூரித் தம்பிகள் கோர்ஸ் படிக்கிறார்கள், நல்லதுதான். பள்ளியோடு நின்றுபோய்த் தறியிலும் அரிசி மில்லிலும் இருக்கிற பையனுக்கு அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் தொழிற்சாலை, சில நாள் தொழிற்பள்ளி என்று பயிற்சியாளனை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் 1961லேயே அப்ரன்டிஸ் சட்டம் வந்தாச்சு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் கட்டாயம் அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும். எடுத்து டீ வாங்கி வரச் சொல்கிறார்களா, வேலை சொல்லித் தருகிறார்களா என்பதுதான் விஷயம்.

இதனால்தான் சங்கத்தில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நம்மில் ஐந்தாறு பேர் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறோம், சிலர் சொந்தமாகவே ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் மட்டும் விழுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளின் பெயரைக் குறித்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு வாரம். இடத்துக்கு நெசவாளர் சங்கத்தையும் நம் கல்லூரியையும் கேட்கலாம். பழைய வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்கிராப் துண்டு கம்பெனிகள் தரட்டும். முடித்தவர்களுக்கு அதே கம்பெனி திரும்ப ஒரு தேர்வு வைப்பதாக முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேணும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் நான் வகுப்பு எடுக்க வரமாட்டேன் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். கணக்கு வாத்தியார் யாராவது உடன் வந்தால் நல்லது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

நாயுடு அவர்கள் பிற்காலத்தில் விவசாயத்திலும் சித்த மருத்துவத்திலும் ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி. ராமன் மனதார மெச்சிய மனிதர். 1967ல் கோவையில் தொழிற் பொருட்காட்சி அமைத்தார். 1974 ஜனவரி 4 அன்று, எண்பதாவது வயதில் காலமானார். அவினாசி சாலையில் அவர் பெயரால் உள்ள காட்சிக்கூடத்தில் அவர் சேர்த்த இயந்திரங்களைப் பார்க்கலாம். தம்பிகள் இண்டஸ்ட்ரியல் விசிட் போட்டால் அரை நாள் ஒதுக்குங்கள். அந்தச் சாலையில் 2025ல் திறந்த சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். பாலத்துக்குக் கீழே ஒரு ஸ்டாப்பிங் வரும். கல்லூரி அங்கிருந்து போய் எத்தனையோ வருஷமாகியும், கண்டக்டர்கள் இன்னும் ஹோப் காலேஜ் என்றுதான் குரல் கொடுக்கிறார்கள்.